வாசலோடு திரும்பியவை

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்தால் எமில் தன் கணினி திருத்தும் கடைக்கதவை இழுத்துச் சாத்திவிட்டு மேல்வீட்டுக்கு ஏறுவான். மனைவி நிறஞ்சலா தேத்தண்ணி ஊற்றி வைத்திருப்பாள். சீனிப் போத்தலில் சாய்த்துத் தொலைபேசியை நிறுத்திவிட்டு, படம் எடுக்க இருப்பவர்கள் போல இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் உட்காருவார்கள். ரொறன்ரோவில் அப்போது காலை. லண்டனில் மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும். திரையின் மேற்பாதியில் நிறஞ்சலாவின் மூத்த அண்ணன் நீக்கிலாஸ் வருவார், கீழ்ப்பாதியில் சின்னண்ணன் ஜஸ்ரின். இரண்டு முகங்களையும் பிரிக்கிற அந்தக் கறுப்புக் கோட்டுக்குள்தான் தான் இருப்பதாக எமிலுக்குத் தோன்றும்.

முதலில் காய்ச்சல், மழை, பூசைக்குப் போனதா என்ற விசாரணை. அது முடிந்தவுடன் கொம்பனிகள்.

உலகத்தில் கணினி செய்கிற கொம்பனிகள் எத்தனையோ இருக்கின்றன. பங்கு வாங்க நினைக்கிற அண்ணன் தம்பி இருவருக்கும் இரண்டுதான். ஒன்றின் மடிக்கணினி கறுப்பு நிறம், கொஞ்சம் தடிப்பு, வங்கி, கச்சேரி என்று எந்தக் கந்தோருக்குப் போனாலும் மேசையில் கிடக்கும். மற்றது வெள்ளி நிறம், மெல்லிசு, விலை கூடுதல். எமில் கடையில் அவற்றைக் கறுப்பு என்றும் வெள்ளி என்றும்தான் சொல்வான். அந்தப் பெயர்களையே மச்சான்மாரும் எடுத்துக்கொண்டார்கள்.

“வெள்ளிக்காரன் வருசத்திலை உழைக்கிற ஒரு டொலருக்கு நீ பங்கு விலையா முப்பத்தைஞ்சு டொலர் குடுக்கச் சொல்லுறாய். கறுப்பு பதினைஞ்சுக்குக் கிடக்கு. வருசா வருசம் இலாபத்திலையும் ஏதோ அனுப்புறான். இதிலை யோசிக்க என்ன கிடக்கு?” என்றார் நீக்கிலாஸ்.

“பழுதாப்போன மீனும்தான் அண்ணன் சந்தையிலை மலிவு” என்றான் ஜஸ்ரின். “கறுப்பு இனி வளராது. எல்லாக் கந்தோரிலையும் வந்திட்டுது. இனி எங்கை போறது? வெள்ளிக்கு இப்பத்தான் சனம் வருது. கணினியின்ரை மூளைக்குப் புதுச் சில்லு ஒண்டு விடப்போறாங்கள். இனி வாற கணினி தானே யோசிக்குமாம்.”

“முதல்லை நீ யோசி.”

நிறஞ்சலா சிரித்தாள். எமில் சிரிக்கவில்லை. அடுத்தது என்னவென்று அவனுக்குத் தெரியும்.

“சரி, ஏன் நாங்கள் சண்டை பிடிப்பான்? எமிலைக் கேப்பம்” என்றார் நீக்கிலாஸ். “உள்ளுக்கை திறந்து பாக்கிற மனுசன் அவன்தானே.”

“ஓம், மச்சான் சொல்லட்டும். மச்சான் சொல்லுறதுதான்” என்றான் ஜஸ்ரின்.

அவர்களுக்கு இது பொழுதுபோக்காக மட்டும் இருந்திருந்தால் எமில் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பான். ஆனால் நானாட்டானில், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல் விற்றாகிவிட்டது. மாமியார் திரேசம்மா கண்மூடியபின் அது மூன்று பிள்ளைகளுக்கும் பொது. வாங்கினவரும் லண்டன்காரர் என்பதால் காசு லண்டனிலேயே கைமாறி, ஜஸ்ரினின் கணக்கில் முழுதாகக் கிடந்தது. அதைப் பிரிக்கக்கூடாது, ஒரே கொம்பனியில் சேர்த்துப் போட வேண்டும் என்பது அண்ணன்மாரின் முடிவு. எந்தக் கொம்பனி என்பதில்தான் பிணக்கு.

அந்தக் காசில் மூன்றில் ஒன்று நிறஞ்சலாவுடையது. அது வந்தால் உப்புக்குளம் பகுதியில் ஸப்ராஸின் கடையை எடுக்கலாம். போன் உறையும் வயரும் விற்கிற ஸப்ராஸ், குடும்பம் புத்தளத்தில் இருப்பதால் அங்கேயே போய்விட இருந்தான். “எமில் அண்ணன், மாசக் கடைசி வரைக்கும் வேற ஆளுக்குக் குடுக்க மாட்டன். அதுக்குப் பிறகு என்னால ஏலாது, வாப்பாவும் ஏசுறாரு” என்று சொல்லியிருந்தான். பத்தடி அகலம். ஒரு மேசை போடலாம், ஓர் அலுமாரி வைக்கலாம். மேலே வீடு இல்லை. அந்த வீடில்லாததுதான் எமிலுக்கு அதில் மிகப் பிடித்த விடயம்.

இப்போது இருக்கிற கட்டடம் நீக்கிலாஸும் ஜஸ்ரினும் சேர்ந்து கட்டியது. கீழே கடை, மேலே வீடு. வாடகை கேட்டதில்லை. கேட்காதது மட்டுமல்ல, கேட்கவில்லை என்பதை ஞாபகப்படுத்தாமல் விட்டதுமில்லை.

எமில் கோப்பையைத் தள்ளி வைத்தான். “என்ரை மேசைக்குப் பத்து வந்தால் அதிலை ஏழு கறுப்புத்தான்” என்றான். அது பொய்யில்லை. ஒன்றைச் சொன்னால் பேச்சு முடிந்துவிடும் என்ற எண்ணத்தில் சொன்னது.

ஜஸ்ரின் கைதட்டினான். “கேட்டியளோ அண்ணன்! பத்துக்கு ஏழு! உடைஞ்சு கொட்டுது!”

நீக்கிலாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “எமில், ஜஸ்ரின் உனக்கு என்னடா தந்தவன்?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். “சரி, வாற கிழமை முடிவெடுப்பம். நல்லா யோசிச்சுச் சொல்லு. உன்ரை வாய்க்குள்ளைதான் எல்லாரின்ரை காசும் கிடக்கு.”

திரை அணைந்ததும் நிறஞ்சலா கோப்பைகளை எடுத்தாள்.

“எங்கட பங்கைக் கேக்கேல்லை” என்றாள்.

“எப்பிடிக் கேக்கிறது?”

“வாயாலைதான்.”

“உன்ரை அண்ணன்மார், உன்ரை காசு. நீ கேட்டால் என்ன?”

“நான் கேட்டால் நீங்கள் ஏவிவிட்டதெண்டு சொல்லுவினம். நீங்கள் கேட்டால் குடுத்தது போதாமல் நிக்கிறியள் எண்டு சொல்லுவினம்.” கோப்பையைக் கழுவியபடியே சொன்னாள். “எது நல்லமெண்டு நீங்களே பாருங்கோ. நீங்கள்தானே தீர்ப்புச் சொல்லுற ஆள்.”

எமில் இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தவன். கைக்குழந்தையாக வள்ளத்தில் கொண்டுபோனார்கள். இராமநாதபுரத்தில் ஒரு வானொலி திருத்துகிற கடையில் பின்னேரங்களில் போய் இருந்து, வானொலி போய்த் தொலைக்காட்சி வந்து, அது போய்க் கணினி வந்தபோது அவனும் கூடவே மாறினான். சான்றிதழ் ஒன்றும் கிடையாது. யாராவது எங்கே படித்தாய் என்று கேட்டால், “கதிரையிலை இருந்து” என்பான். இலங்கையில் சண்டை முடிந்த பிறகு ஊர் திரும்பினான். அங்கே இலங்கைக்காரன் என்றவர்கள் போய், இங்கே “இந்தியாவிலை இருந்து வந்த பெடியன்” என்றார்கள். அந்தப் பெயர் போக அவன் ஒரு கலியாணம் கட்ட வேண்டியிருந்தது. அதன் பிறகு அவன் நிறஞ்சலாவின் மனுசன். நீக்கிலாஸின் கட்டடத்தில் இருக்கிறவன்.

வேலையில் மட்டும் அவனை ஒருவரும் அசைக்க முடியாது. அவன் கடை இருக்கிற தீவில் காற்று உப்புக் கொண்டுவரும். மூடியைக் கழற்றியதும் அவன் முதலில் பார்ப்பதில்லை, முகர்வான். உப்பு ஏறிய மின்சுற்றுப் பலகைக்கு ஒரு மணம் உண்டு. பிறகு மெல்லிய தூரிகையும் ஸ்பிரிற்றும். ஒரு நாள் காயவிடுவான். யார் அவசரப்படுத்தினாலும் அந்த ஒரு நாளை விடமாட்டான்.

இன்னொரு கட்டுப்பாடும் வைத்திருந்தான். மூட முடியாததைத் திறக்கக் கூடாது. முகாமில் இருந்த காலத்தில், ஒருவரின் கணினியைத் திறந்து, சரிக்கட்ட முடியாமல், பொருளுக்கு ஈடாக மூன்று மாதம் சும்மா வேலை செய்திருக்கிறான். ஆகவே பசை போட்டு ஒட்டி வருகிறவற்றை, கொழும்பிலும் மாற்றுச் சாமான் தேட முடியாதவற்றை, மேசையில் வைக்கவே விடமாட்டான். மேசையில் வைத்தால் பொறுப்பு. வாசலிலேயே கையைக் காட்டி, “இதுக்குச் சாமான் இல்லை, கொண்டு போங்கோ” என்றுவிடுவான். வெள்ளி அந்த வகை.

அந்தக் கிழமை நடுவில் நானாட்டானிலிருந்து கோகுலன் கூப்பிட்டான். இரண்டு உழவு இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறவன். முற்றத்துக் கமெரா வேலை செய்யவில்லை என்றான். எமில் மோட்டார்சைக்கிளில் பாலம் கடந்து போனான். வேலை பெரிதாக இல்லை. வயரை எலி கடித்திருந்தது. முடித்துவிட்டுக் கை கழுவ உள்ளே போனபோது அலுமாரியின் மேலே பார்த்தான்.

மூன்று வெள்ளி மடிக்கணினிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. அவற்றின் மேல் சாமிப்படம் ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

“இதென்ன கோகுலன்?”

“அதுவோ? செத்துப்போச்சு. ஒண்டு என்ரை, ஒண்டு மனிசியின்ரை, மற்றது தம்பியின்ரை.”

“ஏன் என்னட்டைக் கொண்டு வரேல்லை?”

கோகுலன் அவனை விசித்திரமாகப் பார்த்தான். “கொண்டு வந்தனானே அண்ணை. முதலாவதைக் கொண்டு வந்து உங்கட வாசல்லை நிண்டனான். படியிலை ஒரு கழுதை படுத்துக் கிடந்துது, அதைத் தாண்டி வரக்கூட இல்லை. அதுக்குள்ளை நீங்கள் கையைக் காட்டிப்போட்டியள். பிறகு மற்ற இரண்டையும் கொண்டு வந்து என்ன செய்யிறது? இந்தப் பக்கத்திலை ஆரும் வெள்ளியை உங்களட்டைக் கொண்டு வாறேல்லை. கணினியைத் தூக்க முந்தியே, அதை அங்கை பாக்கமாட்டினம் எண்டு ஆக்கள் சொல்லிப்போடுவினம்.”

எமில் கைகளைத் துடைக்க மறந்து நின்றான்.

திரும்பி வரும்போது பாலத்தின் இரு பக்கமும் கடல் வற்றிச் சேறாகக் கிடந்தது. அவன் மோட்டார்சைக்கிளை ஓரமாக நிறுத்தினான். பத்துக்கு ஏழு கறுப்பு. அந்தப் பத்தும் மேசைக்கு வந்த பத்து. வாசலோடு திரும்பியதை அவன் ஒரு நாளும் எண்ணியதில்லை. எண்ண வேண்டிய பொருளாகவே அவை தோன்றியதில்லை. அவன் அனுப்பிவிட்டவை எத்தனை, அவன் அனுப்பிவிடுவான் என்று தெரிந்து வராமலே விட்டவை எத்தனை, எத்தனை அலுமாரிகளின் மேல் எத்தனை சாமிப்படங்களுக்கும் மாதா சுரூபங்களுக்கும் கீழே கிடக்கின்றன? கறுப்போ, கந்தோர்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. ஊரில் அதிகமாகக் கிடக்கிறது மேசைக்கும் அதிகமாக வரும். இதில் எந்தக் கொம்பனி நல்லது, எது கெட்டது என்று அவனுக்கு என்ன தெரியும்? தன் மேசை சொல்கிறது என்று நினைத்தான். மேசையில் எது ஏறலாம் என்று தீர்மானித்தவனே அவன்தான்.

மோட்டார்சைக்கிளை மறுபடி முடுக்கினான். அதேநேரம் மனதில் ஒரு சின்ன வெளிச்சமும் வந்தது. இதைச் சொல்லிவிடலாம். சொன்னால் தன் தீர்ப்பை யாரும் கேட்கமாட்டார்கள். தீர்ப்பு இல்லையென்றால் காசைப் பிரிப்பதுதான் வழி. அந்தப் பேச்சோடு பேச்சாக மூன்றில் ஒன்றைக் கேட்டுவிடலாம். வீட்டுக்கு வரும் வழியில் உப்புக்குளத்தால் வந்து, ஸப்ராஸின் கடை வாசலில் நின்று, “ஞாயிறு கதைக்கிறன்” என்றான்.

“இன்ஷா அல்லாஹ்” என்றான் ஸப்ராஸ். “இன்னொரு ஆளும் வந்து பாத்திட்டுப் போனாரு, சொல்லிட்டன்.”

ஞாயிறு வந்தது. சீனிப் போத்தல், தொலைபேசி, இரண்டு கதிரை. மழை பற்றியும் பூசை பற்றியும் கேட்டு முடித்தார்கள்.

“அண்ணன், நான் போன கிழமை சொன்னது பிழை” என்றான் எமில்.

முகாமில் செபம் சொல்லிப் பாடமாக்கியது போல, இடையில் நிறுத்தினால் தடுமாறிவிடுவான் என்று பயந்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னான். வாசலில் கையைக் காட்டுவது, கோகுலனின் அலுமாரி, கந்தோர்களில் கட்டுக்கட்டாக இறங்கிய கறுப்பு. “என்ரை கணக்கை வைச்சு ஒரு முடிவும் எடுக்கேலாது. எனக்கு ஒண்டும் தெரியாது” என்று முடித்தான்.

நீக்கிலாஸின் முகம் மலர்ந்தது. “பாத்தியோ ஜஸ்ரின்! நான் சொன்னனான்! வெள்ளி செத்தால் செத்ததுதான், அலுமாரிக்கு மேலை. கறுப்பு பழுதானாலும் எழும்பி நடக்கும். அதுதான் கொம்பனி!”

“அண்ணன், கொஞ்சம் பொறுங்கோ.” ஜஸ்ரின் திரைக்குக் கிட்ட வந்தான். “திருத்தேலாட்டில் சனம் என்ன செய்யும்? புதுசு வாங்கும். அந்த நானாட்டான் ஆள் மூண்டு வாங்கியிருக்கிறான். ஒண்டு செத்த பிறகும் இன்னொண்டு, அதுக்குப் பிறகும் இன்னொண்டு! கறுப்பை எமில் ஆயிரம் ரூபாய்க்குத் திருத்திக் குடுக்கிறார். அதிலை கொம்பனிக்கு என்ன வருமானம்? மச்சான், நீங்கள் சொன்னதிலை இதுதான் சிறந்த கதை!”

நீக்கிலாஸ் தாடையைத் தடவினார். “ம்ம். அப்பிடியும் ஒரு பக்கம் இருக்குத்தான்” என்றார்.

தெரியாது என்று சொன்னதுகூட ஒரு தீர்ப்பாகிவிட்டதை எமில் பார்த்துக்கொண்டிருந்தான். மேசைக்குக் கீழே நிறஞ்சலாவின் கால் அவன் காலைத் தொட்டது. மிதித்தது என்றும் சொல்லலாம்.

“எங்கட மூண்டிலை ஒண்டைத் தாங்கோ” என்றான்.

இரண்டு முகங்களும் அசையவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்றுகூட நினைத்தான்.

“நிறஞ்சலாவின்ரையை. உப்புக்குளத்திலை ஒரு சின்னக் கடை இருக்கு. மாசக் கடைசிக்குள்ளை எடுக்க வேணும்.”

“ஏன், இந்தக் கடைக்கு என்ன?” என்றார் நீக்கிலாஸ்.

“ஒண்டுமில்லை அண்ணன்.”

“ஒண்டுமில்லையெண்டால்?”

“ஒண்டுமில்லைத்தான்.”

“ஆரின்ரை யோசனை இது? தங்கச்சி, நீயோ?”

“என்ரை யோசனையும்தான்” என்றாள் நிறஞ்சலா. “என்ரை காசு அண்ணன். வித்தது என்ரை அம்மாவின்ரை வயல். தாங்கோ எண்டு கேக்கிறன்.”

அவ்வளவு நேரமும் வாயோயாத ஜஸ்ரின் இப்போது எங்கேயோ பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தான். அதை முதலில் கவனித்தது எமில்தான். பழுதின் இடத்தைக் கண்டதும் மேசைக்குக் குனிவது போல, திரைக்குக் கிட்டக் குனிந்தான்.

“மச்சான்?” என்றான்.

“அது... வாங்கியாச்சு” என்றான் ஜஸ்ரின். “நீங்கள் சொன்ன அடுத்த நாளே. திங்கள் காலமை. வெள்ளி. முழுக்க.”

பிறகு நடந்ததில் பெரும்பகுதி நீக்கிலாஸின் குரல். என்னைக் கேக்காமல் எப்பிடி வாங்குவாய், முடிவு எடுப்பம் எண்டுதானே சொன்னனான், சின்னனிலையிருந்து உனக்கு இதே பழக்கம். ஜஸ்ரினும் விடவில்லை. “எமில் சொன்னதுதான் எண்டு நீங்களும்தானே சொன்னனீங்கள்? பத்துக்கு ஏழு எண்டு அவர்தானே சொன்னவர்? நானோ மேசை போட்டுத் திருத்துறன்?” கொஞ்சம் கொஞ்சமாகக் குரல்கள் தணிந்தன. இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதை விட்டு, ஒரே திசையில், சீனிப் போத்தலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவனைப் பார்த்தார்கள்.

“அப்ப நிறஞ்சலாவின்ரை பங்கை மட்டும் வித்து அனுப்புங்கோ” என்றான் எமில்.

“விக்கலாம். ஆனால் வாங்கின பிறகு கொஞ்சம் இறங்கிக் கிடக்கு. இப்ப வித்தால் அவளுக்குத்தான் நட்டம். அண்ணன், நீங்கள் சொல்லுங்கோ.”

“நட்டத்துக்கு விக்கிறது விசர் வேலை” என்றார் நீக்கிலாஸ். கொஞ்சம் முன்னர் கத்தியவர் அவர்தான். இதில் தம்பியோடு உடனே ஒன்றாகிவிட்டார். “ஏறட்டும். ஏறினவுடனை தங்கச்சியின்ரையை முதல் எடுத்துத் தருவம். கடை எங்கை ஓடப்போகுது? இருக்கிற கடையிலை இருங்கோ. ஆர் வாடகை கேட்டது?”

“எப்ப ஏறும்?” என்று கேட்டாள் நிறஞ்சலா.

ஜஸ்ரினுக்கு மறுபடி உற்சாகம் வந்தது. “அதை மச்சான்தானே சொல்ல வேணும்! இனி ஒவ்வொரு கிழமையும் பாத்துச் சொல்லுங்கோ மச்சான். வாசலுக்கு வாறதையும் சேத்து எண்ணுங்கோ.”

மாசக் கடைசியில் ஸப்ராஸ் சாவியை மற்ற ஆளிடம் கொடுத்தான். கொடுக்கும் முன் எமிலிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் கொடுத்தான். “கோவிக்காதீங்க அண்ணன்” என்றான். எமில் கோபிக்கவில்லை. ஸப்ராஸின் கண்ணாடி அலுமாரியைக் கழற்றி லொறியில் ஏற்ற உதவினான். வெறுமையான பத்தடி அகலத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் கடைக்குத் திரும்பினான்.

அதற்கடுத்த கிழமை, கடையில் இருந்தபோது வாசலில் ஒரு பெண் வந்து தயங்கி நின்றாள். பிரதேச செயலகத்தில் வேலை செய்கிற தர்ஷிகா. கையில் துணிப்பை. பைக்குள் வெள்ளி.

“இதை நீங்கள் பாக்கமாட்டியள் எண்டு சொன்னவை. வழியாலை போனனான், சும்மா கேட்டுப் பாப்பம் எண்டு...”

எமிலின் கை பழக்கத்தில் உயரத் தொடங்கியது. பாதியில் நிறுத்தினான்.

“உள்ளுக்கை வாங்கோ” என்றான். “மேசையிலை வையுங்கோ.”

அவள் வைத்தாள். அந்த மேசையில் வெள்ளி கிடப்பது அவனுக்கே புதிதாக இருந்தது. புரட்டிப் பார்த்தான். திருகாணிகள் அவனிடம் இல்லாத வகைத் தலை. ஒரு பழைய திருப்புளியின் முனையை அரத்தில் தேய்த்து, அளவு பார்த்து, மறுபடி தேய்த்தான். அவள் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரிவருமோ அண்ணன்?”

“தெரியாது. திறந்தால் மூடுவனோ எண்டும் தெரியாது. சம்மதமெண்டால் மட்டும் திறக்கிறன்.”

“செத்ததுதானே. திறவுங்கோ.” கொஞ்சம் பொறுத்து, “சரிவராட்டில் புதுசுதான் வாங்கவேணும். இதையே வாங்குவமோ, இல்லாட்டில் கறுப்பு வாங்குவமோ எண்டு யோசிக்கிறன். எது நல்லம்?” என்று கேட்டாள்.

திருப்புளி நின்றது. இதைத் திருத்தினால் அவள் புதிது வாங்கமாட்டாள். வெள்ளி என்று சொன்னால், மாமியாரின் வயல் காசுக்காகச் சொன்னதாக இருக்கும். கறுப்பு என்று சொன்னால், நிறஞ்சலாவின் காசுக்கு எதிராகத் தானே வாய் திறந்ததாக இருக்கும். முன்பெல்லாம் யோசிக்காமல் சொல்கிற பதில் இது. மேலே நிறஞ்சலா நடமாடுகிற சத்தம் கேட்டது.

“எனக்குத் தெரியாது தங்கச்சி” என்றான்.

தர்ஷிகா சிரித்தாள். “உங்களுக்கே தெரியாதெண்டால் வேறை ஆருக்குத் தெரியும்?”

அவன் திருப்புளியை மறுபடி திருகினான். முதல் திருகாணி வந்தது. மூடியின் ஓரத்தைக் கிளப்பி, குனிந்து முகர்ந்தான். உப்புத்தான். கறுப்பில் வருகிற அதே மணம்.

“கழுவிக் காயவிட வேணும்” என்றான்.

“அப்ப நாளைக்கு வரட்டோ?”

“நாளைக்கு ஞாயிறு” என்றான் எமில். “திங்கள் வாங்கோ.”